எல்லா மெஷினுக்கும் அலாரம் 4.5 தானா? ஐடி ஃபேன், பம்ப் அதிர்வுக்கு வரம்பு வைப்பது எப்படி?

அம்பை ஆலை
வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு அரிசி ஆலையில் பராமரிப்பு பார்க்கிறேன். உமி பாய்லரோட புகையை இழுத்து வெளியே தள்ளுற ஐடி ஃபேனுக்கு 45 கிலோவாட் மோட்டார், நேர் கப்ளிங், வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற விஎஃப்டியில் ஓடுது. ரெண்டு மாசத்துக்கு முன்னால ஃபேன், பம்ப், எலிவேட்டர் கியர்பாக்ஸ் எல்லாத்துலயும் சேர்த்து 22 அதிர்வு சென்சார் மாட்டினாங்க. மாட்ட வந்தவங்க எல்லாத்துக்கும் எச்சரிக்கை 4.5, ட்ரிப் (மெஷின் தானா நிக்கிற அளவு) 7.1 மிமீ/வினாடின்னு ஒரே எண்ணைப் போட்டுட்டுப் போயிட்டாங்க.

இப்ப ஐடி ஃபேன் ஷிஃப்டுக்குப் பத்து தடவையாவது அலாரம் அடிக்குது. போய்ப் பார்த்தா நல்லாத்தான் ஓடுது. ஆபரேட்டர் பட்டனை அமுக்கிட்டு அடுத்த வேலைக்குப் போயிடுறார். போன வாரம் ஃபீட் பம்ப் மோட்டார்ல பேரிங் போச்சு. அதுல அளவு 2-ஐக் கூடத் தாண்டலை, அலாரமே வரலை. நல்லா இருக்கிறது கத்துது, சாகப்போறது வாயைத் திறக்கலை.

இன்னொரு சந்தேகம். வேகத்தைக் குறைச்சா அதிர்வும் குறையணும்லா? எங்க ஃபேன் 48 ஹெர்ட்ஸ்ல 2.1 காட்டுது, 41 ஹெர்ட்ஸ்ல 5-க்கு மேல போகுது. பிசான அறுப்பு நெல் வர ஆரம்பிச்சா ஃபேனை நிறுத்த விடமாட்டாங்க. அதுக்குள்ள இதைச் சரிபண்ணணும்.

பம்ப்ஹவுஸ் அண்ணாச்சி
தம்பி, எண்ணைப் பத்திப் பொறவு பேசுவோம். முதல்ல ஒண்ணு சொல்லு. ஃபீட் பம்ப் மோட்டார்ல சென்சார் எங்க ஒட்டியிருக்கு?

அம்பை ஆலை
மோட்டார் மேல, கூலிங் ஃபின்ல அண்ணாச்சி. பசை போட்டு ஒட்டியிருக்காங்க.

பம்ப்ஹவுஸ் அண்ணாச்சி
அதான் விஷயம். ஃபின்னுங்கது தகடு. பேரிங் சத்தம் அங்க வந்து சேருததுக்குள்ள செத்துப்போகும், தகடு தன் பாட்டுக்கு ஆடுத ஆட்டம்தான் மேல தெரியும். பேரிங் உக்காந்திருக்க எண்ட் கவர்ல, பெயிண்டைச் சுரண்டிட்டு, கெட்டி இரும்புல வை. ஸ்டட் போட்டு முறுக்கினா உத்தமம். காந்தம் வச்சாலும் சரி, ஆனா வச்ச இடத்தைப் பஞ்ச் அடிச்சுக் குறிச்சுக்கோ. இன்னைக்கு ஸ்டட், நாளைக்குக் காந்தம்னு மாத்தினா ரெண்டு எண்ணையும் ஒப்பிடவே முடியாது.

நான் தாமிரபரணிக்கரையில குடிதண்ணி பம்ப்ஹவுஸ்ல முப்பது வருசம் இருந்தேன். ஆரம்பத்துல ஸ்க்ரூ டிரைவர் பிடியைக் காதுல வச்சு, நுனியை பேரிங் கவர்ல ஊன்றித்தான் கேட்போம். பொறவு கருவி வந்துது. அங்கயும் எல்லா மோட்டாருக்கும் 4.5தான் வச்சாங்க. ஒரு மோட்டார் 1.1-ல ஓடிட்டிருந்தது மூணு மாசத்துல 1.6 ஆச்சு. கண்காணிக்கிற ஸ்கேடா கம்ப்யூட்டர் திரையில பச்சை விளக்குதான் எரிஞ்சுது, யாரும் திரும்பிப் பாக்கல. ஒருநாள் ராத்திரி ரெண்டு மணிக்கு இறுகி நின்னுட்டு. காலையில பிரிச்சோம். கிரீஸைத் தொட்டா விரல்ல பென்சில் கரி மாதிரி ஒட்டுது, வெயில்ல காட்டினா மினுமினுங்கு. பேரிங்கோட வெளி வளையம், அதான் அவுட்டர் ரேஸ்ல, கீழ்ப்பக்கமா, பாரம் விழுத இடத்துல, ரெண்டு வெந்தயம் அளவுக்குப் பொருக்கு விட்டிருந்துது. அந்த ரெண்டு வெந்தயம் நாலரை வரை ஆட்டும்னு காத்திருந்தா மோட்டார் மிஞ்சாது.

பாளை அதிர்வுப் பகுப்பாய்வு
அண்ணாச்சி சொன்னதையே எண்களில் சொல்கிறேன்.

4.5, 7.1 எல்லாம் இயந்திர அதிர்வுக்கான சர்வதேசத் தரநூல் ஐஎஸ்ஓ 10816-3-இன் அட்டவணையிலிருந்து வந்தவை. 2022-இல் அதற்குப் பதிலாக 20816-3 வந்துவிட்டது. 15 முதல் 300 கிலோவாட் வரையுள்ள இயந்திரம் கெட்டியான தாங்கியில் நின்றால் ஏ (புதிது போல), பி (தொடர்ந்து ஓட்டலாம்), சி (கொஞ்ச நாள்தான் ஓட்டலாம்), டி (அபாயம்) மண்டலங்களுக்கு இடையிலான எல்லைகள் 1.4, 2.8, 4.5. நெகிழும் தாங்கியில் நின்றால் 2.3, 4.5, 7.1. உங்களுக்கு வந்தவர்கள் இந்த இரண்டாவது வரிசையின் கடைசி இரண்டு எண்களை எல்லா இயந்திரத்துக்கும் போட்டிருக்கிறார்கள்.

ஃபீட் பம்ப் மோட்டார் எத்தனை கிலோவாட்? 15-க்குக் கீழே என்றால் அந்த அட்டவணை அதற்குப் பொருந்தவே பொருந்தாது. பழைய பொது நூலான 10816-1-இல் சின்ன மோட்டாருக்கான வகுப்பில் எல்லைகள் 0.71, 1.8, 4.5. நீங்கள் எச்சரிக்கை என்று வைத்திருக்கும் 4.5 அந்த மோட்டாருக்கு அபாய மண்டலத்தின் வாசல்.

பலர் படிக்காமல் விடும் பகுதி அட்டவணைக்குப் பின்னால் இருக்கிறது. எச்சரிக்கை வரம்பை அந்தந்த இயந்திரத்தின் வழக்கமான அளவிலிருந்து எடுக்கச் சொல்கிறது நூல். நலமாக ஓடும்போது இருக்கும் அளவோடு, பி மண்டல மேல் எல்லையின் 25 சதவீதத்தைக் கூட்டுங்கள். கெட்டித் தாங்கியில் 2.8-இன் கால்பங்கு 0.7. எனவே 1.1-இல் ஓடுகிற மோட்டாருக்கு எச்சரிக்கை 1.8. எவ்வளவு கூட்டினாலும் எச்சரிக்கை பி எல்லையின் 1.25 மடங்கைத் தாண்டக் கூடாது. ட்ரிப்புக்கும் அப்படித்தான், சி எல்லையின் 1.25 மடங்குக்குள். ஒவ்வொரு பேரிங்குக்கும், ஒவ்வொரு திசைக்கும் தனித்தனி எண் வரும். 22 சென்சாருக்கு ஒரே எண் வைக்க வழியே இல்லை.

ஃபேன் வேகம் குறையும்போது அதிர்வு கூடுவது ஒத்ததிர்வாக இருக்கலாம், அதாவது சுற்றும் வேகம் ஃபிரேமின் சொந்த அதிர்வெண்ணோடு ஒத்துப்போய் ஆட்டம் பெருகுவது. ஃபேனை நிறுத்திவிட்டு பேரிங் பெட்டியில் ரப்பர் சுத்தியலால் தட்டி, எந்த அதிர்வெண்ணில் மணி மாதிரி அடிக்கிறது என்று ஸ்பெக்ட்ரத்தில் (அதிர்வெண் வாரியான வரைபடத்தில்) பாருங்கள். கிடைமட்டம், செங்குத்து இரண்டிலும் தட்டுங்கள்.

கங்கைகொண்டான் நூல்மில்
எண்ணை மாத்துறதுக்கு முன்னால ஒரு சின்ன விஷயம் பார்த்துக்கோங்க தம்பி. திரையில காட்டுறது ஆர்எம்எஸ்ஸா (ஒரு வகைச் சராசரி), பீக்கா (உச்ச அளவு)? எங்க மில்லுல ஹியூமிடிஃபிகேஷன் ஃபேனுங்களுக்கு வரம்பு ஆர்எம்எஸ்ல வச்சிருந்தோம், சென்சார் எண்ணை வாங்கி அனுப்புற கேட்வே பெட்டி அனுப்புனது பீக். ஆர்எம்எஸ் 4.5-ன்னா அதே சீரான அதிர்வு பீக்ல 6.4 காட்டும். மூணு மாசம் இல்லாத கோளாறைத் தேடி பேலன்ஸிங்குக்கு ஆள் கூப்பிட்டு அலைஞ்சோம். ஒரு சாயங்காலம் கையில பிடிக்கிற மீட்டரைப் பக்கத்துல வச்சுப் பார்த்தப்பதான் புரிஞ்சுது.

அம்பை ஆலை
பார்த்துட்டேன் அக்கா, எங்களுது ஆர்எம்எஸ்தான். ஃபீட் பம்ப் மோட்டார் 11 கிலோவாட். அப்ப 4.5 வச்சது தப்புதான் சார்.

ஞாயித்துக்கிழமை பாய்லரை நிறுத்தினப்ப தட்டிப் பார்த்தேன். கிடைமட்டத்துல 19 ஹெர்ட்ஸ், செங்குத்துல 38.

பாளை அதிர்வுப் பகுப்பாய்வு
அருமை. உங்கள் புதிர் அவிழ்ந்துவிட்டது. விஎஃப்டி 50-இல் ஃபேன் 1475 ஆர்பிஎம், அதாவது வினாடிக்கு 24.6 சுற்று. 41-இல் சுமார் 20. கிடைமட்டத்தில் ஃபிரேமின் சொந்த அதிர்வெண் 19. நீங்கள் வேகத்தைக் குறைக்கக் குறைக்க ஃபேன் அந்த 19-ஐ நோக்கிப் போகிறது, ஃபிரேம் கூடவே ஆடுகிறது. இம்பெல்லரில் குற்றமில்லை.

அலாரத்தைத் தளர்த்தி இதை மறைக்காதீர்கள். விஎஃப்டியில் தாண்டிப்போகும் வேக அமைப்பு இருக்கும். 36 முதல் 42 ஹெர்ட்ஸ் வரை ஃபேன் நிற்காதபடி வையுங்கள். கிளம்பும்போது கடந்து போகட்டும், அங்கே தங்கக் கூடாது.

தாங்கியின் சொந்த அதிர்வெண் ஓடும் வேகத்தைவிட 25 சதவீதமாவது மேலே இருந்தால்தான் கெட்டி என்று கணக்கு. 24.6-க்கு 30.8 வேண்டும். செங்குத்தில் 38 இருப்பதால் கெட்டி, கிடைமட்டத்தில் 19-தான், நெகிழ்வு. ஒரே பேரிங், இரண்டு திசைக்கும் வேறு வேறு வரிசை. கிடைமட்டத்தில் 2.1-உடன் 4.5-இன் கால்பங்கு 1.1 சேர்த்து 3.2. செங்குத்தில் உங்கள் வழக்கமான அளவு என்ன?

அம்பை ஆலை
0.9.

பாளை அதிர்வுப் பகுப்பாய்வு
அப்படியானால் 1.6. ஃபேன்களுக்கென்றே ஐஎஸ்ஓ 14694 என்ற நூல் தனியாக இருக்கிறது. 300 கிலோவாட்டுக்குள் உள்ள ஆலை ஃபேன் நெகிழும் தாங்கியில் நின்றால் அதில் அலாரம் 11.8. யாராவது அதைக் காட்டி “3.2 ரொம்பக் கறார்” என்று சொல்லக்கூடும். இரண்டும் இரண்டு கேள்விக்கான விடை. 11.8 என்பது அந்த வகை ஃபேன் எதுவானாலும் இதற்குமேல் விடாதே என்ற வெளிவேலி. 2.1-இல் ஓடிய உங்கள் ஃபேன் 3.2 ஆனாலே உள்ளே ஏதோ மாறிவிட்டது. பாதியைத் தாண்டி ஏறியதை, வேலி வரை போகட்டும் என்று விடுவானேன்?

வி.கே.புரம் வெல்டர்
ஃபிரேம்தானே ஆடுது? ரெண்டு ஆங்கிள் குறுக்க வெல்டு அடிச்சா நின்னுரும். எதுக்கு இம்புட்டுக் கணக்கு?

பாளை அதிர்வுப் பகுப்பாய்வு
அண்ணே, அடிக்கலாம், ஆனால் அளந்து அடிக்க வேண்டும். அரைகுறையாக இறுக்கினால் 19 என்பது 24-க்கு வந்து நிற்கும். அதுதான் ஃபேன் முழு வேகத்தில் ஓடும் இடம். இப்போது குறைந்த வேகத்தில் மட்டும் இருக்கிற தொல்லை அப்புறம் நாள் முழுக்க இருக்கும். 31-ஐத் தாண்டும் என்று உறுதியானால் மட்டும் வெல்டு அடியுங்கள். அடித்தபின் மறுபடி தட்டிப் பாருங்கள்.

வி.கே.புரம் வெல்டர்
சரிதான் சார். அப்ப ஆங்கிள் பத்தாது, முக்கோணத் தகடு வச்சு காங்கிரீட்டோட சேத்துப் பிடிக்கணும். நிறுத்துத நாள்ல கூப்பிடுங்க தம்பி, வந்து பாக்கேன்.

பணகுடி காற்றாலை
எங்க பொழப்புல வேகம் நம்ம கையில இல்ல, காத்து வச்சதுதான். ஆடி மாசம் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா அடிக்கிற காத்துல கியர்பாக்ஸ் காட்டுற எண்ணையும், மாசியில காத்தில்லாம சும்மா சுத்துறப்ப காட்டுறதையும் ஒரே வரம்புல வச்சா அர்த்தமே இல்ல. உற்பத்தியைப் பல தட்டாப் பிரிச்சு, ஒவ்வொரு தட்டுக்கும் தனி வரம்பு வச்சிருக்கோம். நீங்களும் விஎஃப்டி வேகத்தை மூணு தட்டாப் பிரிங்க.

சாதாரண அதிர்வு அளவு 10 ஹெர்ட்ஸுக்கு மேலதான் கணக்குல எடுக்கும். எங்க ரோட்டார் நிமிசத்துக்குப் பதினஞ்சு, இருபது சுத்துதான். அந்த ஆட்டம் அதுல விழவே விழாது. உங்க எலிவேட்டர் டிரம் மெதுவாச் சுத்துற சாமான். சென்சார் எந்த அதிர்வெண்ணுல இருந்து பார்க்குதுன்னு கேட்டுக்கோங்க. காதே கேக்காத ஆளைக் காவலுக்கு வச்ச மாதிரி ஆயிரக்கூடாது.

வரம்பு வைக்கும்போது நாங்க இன்னொண்ணும் பார்ப்போம். மேல ஏறி கியர்பாக்ஸ் இறக்கணும்னா கிரேன் வரணும், அதுக்கு நாள் பிடிக்கும். காத்து சீசன்ல நிறுத்தினா வருமானம் போச்சு. அதனால எங்க முதல் எச்சரிக்கை சித்திரைக்குள்ள அடிக்கணும். அலாரத்துக்கும் உடையுறதுக்கும் நடுவுல, சாமான் வரவழைச்சு வேலையை முடிக்கிற அளவு நாள் இருக்கணும். அதைக் கணக்குப் பண்ணிட்டு அங்கிருந்து பின்னால வாங்க, எண் தானா கிடைக்கும்.

கங்கைகொண்டான் நூல்மில்
காற்றாலைத் தம்பி சொன்ன தட்டு முறை ரொம்ப முக்கியம். நாங்க ஆறு வாரத் தரவை வேக வாரியாப் பிரிச்சு, நூத்துக்கு 99 அளவு எந்த எண்ணுக்குக் கீழ இருக்குன்னு பார்த்தோம். அதை அப்படியே வரம்பா வைக்கலாம்னு நினைச்சேன். கணக்குப் போட்டுப் பார்த்துட்டுத்தான் வேண்டாம்னு விட்டேன். பத்து நிமிசத்துக்கு ஒரு அளவுன்னா நாளைக்கு 144. நூத்துல ஒண்ணு தாண்டினா ஒரு சென்சாருக்கு ஒண்ணரை அலாரம். உங்க 22-க்கும் சேர்த்து நாளைக்கு முப்பதுக்கு மேல, அதுவும் எல்லா மெஷினும் நல்லா இருக்கிறப்பவே. எந்த ஆபரேட்டர் அத்தனைக்கு எழுந்து போவார்? பட்டனை அமுக்குறார்னு அவரைக் குறை சொல்றது நியாயமே இல்ல. நாமதான் அவருக்கு அப்படிப் பழக்கிக் கொடுத்திருக்கோம்.

அதனால தொடர்ந்து மூணு அளவு தாண்டினா மட்டும் அலாரம்னு வச்சோம். ஒரு நெல்லுமூட்டை ஃபிரேம்ல இடிச்சா அடிக்காது. நிஜமா ஏறினா அரைமணி நேரத்துல சொல்லிடும்.

பம்ப்ஹவுஸ் அண்ணாச்சி
அம்மா சொல்லுதது சரி. ஆனா ஆறு வாரத் தரவு எடுக்கையில மெசினு நல்லா இருந்துதான்னு யாரு பாத்தா? சீக்காளிக்குக் காய்ச்சல் அடிக்கையில அளந்து, இதுதான் இவனுக்குச் சாதாரணம்னு எழுதி வச்சா விளங்குமா? எங்க பம்ப்ஹவுஸ்ல ஒரு பம்பு மாட்டின நாள்லயே கப்ளிங் நேரா இல்ல. 3.4-தான் அதுக்கு வழக்கம்னு எழுதிட்டாங்க. ரெண்டு வருசத்துல மூணு கப்ளிங் ரப்பர் மாத்தினோம். முதல்ல அலைன்மெண்ட் பாரு, போல்ட் முறுக்கு, மோட்டாரோட நாலு காலும் சமமா உக்காந்திருக்கான்னு பாரு. பொறவு அளவு எடு.

கங்கைகொண்டான் நூல்மில்
ஒத்துக்கிறேன் அண்ணாச்சி. அதுக்குத்தான் ஐஎஸ்ஓ எல்லையும் வேணும். வழக்கமான அளவே பி மண்டலத்தைத் தாண்டி இருந்தா, வரம்பு வைக்கிற வேலையை நிறுத்திட்டு மெஷினைச் சரிபண்ணணும்.

அம்பை ஆலை
எல்லாருக்கும் நன்றி. ரெண்டு கேள்வி பாக்கி. ஃபீட் பம்ப் பேரிங் மாதிரி, மொத்த அளவு ஏறாமலே போறதை எப்படிப் பிடிக்கிறது? அடுத்தது, முதலாளி ட்ரிப்பே வேண்டாம்ங்கிறார். ஃபேன் நின்னா அவியல்ல இருக்கிற நெல் பூரா வீணாயிடும்ங்கிறார்.

பாளை அதிர்வுப் பகுப்பாய்வு
முதல் கேள்வி. பேரிங் பொருக்கு விடும்போது ஒவ்வொரு குண்டும் அந்தப் பள்ளத்தில் விழுந்து ‘டிக்’ என்று தட்டும். அந்தத் தட்டு உயர் அதிர்வெண்ணில், முடுக்கத்தில்தான் முதலில் தெரியும். மொத்த வேக அளவில் கடைசியாக வரும். எனவே முடுக்கத்துக்கும், சென்சாரில் வசதி இருந்தால் அந்தத் தட்டுகளை மட்டும் பிரித்துக் காட்டும் என்வலப்புக்கும் தனி வரம்பு வையுங்கள். தோராயக் கணக்கு எளிது: குண்டு எண்ணிக்கையை 0.4-ஆல் பெருக்கி, சுழல் வேகத்தால் பெருக்கினால் அவுட்டர் ரேஸ் பழுதின் அதிர்வெண். 0.6 என்றால் இன்னர் ரேஸ் (உள் வளையம்). எட்டுக் குண்டு, 2900 ஆர்பிஎம் என்றால் அவுட்டர் 155 ஹெர்ட்ஸ் பக்கம், இன்னர் 232 பக்கம். என்வலப்பில் அந்த இடங்களில் முள் எழுந்தால், அளவு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பேரிங்குக்கு ஆர்டர் போடுங்கள்.

இரண்டாவது. முதலாளியின் கவலை நியாயமானது, ஆனால் ட்ரிப் இல்லாமல் விடக் கூடாது. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. ஐடி ஃபேன் நின்று, உலைக்குள் காற்றைத் தள்ளும் எஃப்டி ஃபேன் ஓடிக்கொண்டிருந்தால் உலையில் அழுத்தம் ஏறி, உமி போடுகிற வாய் வழியாகத் தீ வெளியே பாயும். அங்கே ஆள் நிற்பார். ஐடி நின்றால் எஃப்டியும் உமி ஊட்டியும் கூடவே நிற்கிற இன்டர்லாக் வேலை செய்கிறதா என்று ட்ரிப் வைக்கும் முன்னால் நேரில் சோதியுங்கள். அப்புறம் கிடைமட்ட ட்ரிப் 7.1 இருக்கட்டும். ஐந்து வினாடி தாமதம் வையுங்கள். ஃபேனின் இரண்டு பேரிங்கும் சேர்ந்து காட்டினால் மட்டும் நிறுத்தட்டும். ஒரு வயர் அறுந்ததற்கெல்லாம் பாய்லர் நிற்கக் கூடாது. கிளம்பும்போது 19-ஐக் கடக்கிற நேரத்துக்கு அலாரத்தை அடக்கி வையுங்கள்.

பம்ப்ஹவுஸ் அண்ணாச்சி
ஃபீட் பம்பு ரெண்டு இருக்கும்லா? ஒண்ணு ஓடும், ஒண்ணு சும்மா நிக்கும். நிக்குத பம்புலயும் அளந்து பாரு தம்பி. பக்கத்துப் பம்பு ஆட்டம் தரை வழியா வந்து இதைக் குலுக்கிட்டே இருக்கும். நிக்கையில காட்டுதது ஓடையில காட்டுததுல கால்பங்குக்கு மேல இருந்தா அளவையே நம்பாத. அதைவிட மோசம், நின்ன இடத்துலயே குண்டு ரேஸை அரைச்சு, குண்டுக்கு ஒரு தழும்பா வரிசையாப் பதிஞ்சிரும். ஓட்டாமலே பேரிங் போகும். வாரத்துக்கு ஒருதரம் மாத்தி ஓட்டு. முடியலன்னா கையாலயாவது ஒண்ணேகால் சுத்து சுத்தி வை.

அம்பை ஆலை
மூணு வாரம் கழிச்சு எழுதுறேன்.

விஎஃப்டியில் 36–42 ஹெர்ட்ஸைத் தாண்ட வச்சாச்சு. இன்டர்லாக்கைச் சோதிச்சப்ப உமி ஊட்டி நிற்கலை, ஒரு கான்டாக்ட் ஒட்டிக் கிடந்துது. மாத்திட்டோம். அலைன்மெண்ட் பார்த்து, போல்ட் முறுக்கி, திரும்ப அளவெடுத்து 22 சென்சாருக்கும் தனித்தனி எண் போட்டோம். ஃபீட் பம்ப் மோட்டார்ல புது பேரிங், சென்சாரை எண்ட் கவருக்கு மாத்தியாச்சு. ஆபரேட்டர் மேசையில ஒரு அட்டை: எந்த அலாரம் அடிச்சா யாரைக் கூப்பிடணும், எத்தனை மணிக்குள்ள பார்க்கணும்னு. அதை ஆபரேட்டர்களே உட்கார்ந்து எழுதினாங்க.

முதல் பதினெட்டு நாள் ஒரு அலாரமும் இல்ல. சென்சார் செத்துப்போச்சோன்னு எனக்கே பயம். பத்தொன்பதாம் நாள் ராத்திரி பதினொண்ணரைக்கு ஐடி ஃபேன் கிடைமட்டம் 3.3. ஆபரேட்டர் உடனே எனக்கு போன் போட்டார். ஏறினது படிப்படியா இல்ல, ஒரே தாவா 2.2-ல இருந்து. மூணு மணிக்கு அவியல் முடிஞ்சதும் நிறுத்தி, சூடு தணிஞ்சப்புறம் கதவைத் திறந்தோம். பிளேடு எல்லாத்துலயும் உமிச்சாம்பல் விரல்கடை கனத்துக்கு ஓடு மாதிரி படிஞ்சிருக்கு, ஒரே ஒரு பிளேடுல உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்துடுச்சு. அவ்வளவுதான் வித்தியாசம். எல்லாப் பிளேடையும் சுரண்டினோம். பிளேடு நுனி சாம்பல் அரைச்சு மெலிஞ்சிருக்கிறதும் அப்பதான் கண்ணுல பட்டுது, அளந்து எழுதி வச்சிருக்கேன். விடிகாலை ஆறு மணிக்கு ஓட்டினப்ப 1.9.

வெல்டர் அண்ணனை அடுத்த நிறுத்தத்துக்கு வரச் சொல்லியிருக்கேன். ஸ்டாண்ட்பை பம்ப் கப்ளிங்ல சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டிருக்கோம் அண்ணாச்சி. ஞாயிறு காலை ஷிஃப்ட் கையால சுத்தி வைக்கிறாங்க. போன வாரம் பன்னிரண்டு மணி நிலையில இருந்த கோடு இன்னைக்கு மூணுல நிக்கு.